பந்தயத் துவிச்சக்கர வண்டியின் மிதிதண்டு

துவிச்சக்கர வண்டி ஓட்டிப் பழகியோர் ஓர் ஒலியை நன்கறிவர். வண்டி ஏற்றத்தில் ஏறும்போது, ஒரு காலை அழுத்துந்தோறும் அடியிலிருந்து ‘டக், டக்’ என எழும் ஒலி அது. சைக்கிள் திருத்துவோரிடம் சென்றால் அவர் மிதியைப் பற்றி ஆட்டிப் பார்த்து, “கொட்டர்பின் தேய்ந்துவிட்டது” என்பார். பழைய ஆப்பைச் சுத்தியலால் தட்டி எடுத்து, புதியதொன்றை அறைந்து, நட்டை முடுக்கி அனுப்புவார். சில மாதங்களில் ஒலி மீண்டும் தொடங்கும். சந்தைக்கும் பாடசாலைக்கும் போய்வரும் வண்டியில் இது சிறிய தொல்லையே. மணிக்கு அறுபது கிலோமீற்றர் வேகத்தில், நூற்றுக்கு மேற்பட்டோர் முழங்கையோடு முழங்கை உரசச் செல்லும் பந்தயத்தில் அதே பொருத்து விட்டுப்போகுமாயின், ஓட்டுநர் மாத்திரமன்றி அவர் பின்னால் வருவோரும் வீழ்வர். பந்தய வண்டியின் மிதிதண்டு காலந்தோறும் அடைந்த மாற்றங்களிற் பெரும்பாலானவை இந்த ஒரு பொருத்தைப் பற்றிய கவலையிற் பிறந்தவை.

மிதிதண்டு என்பது சைக்கிள் கடைகளில் ‘கிராங்கு’ என வழங்கும் உறுப்பே. வண்டிச் சட்டத்தின் அடியிற் குறுக்காகக் கிடக்கும் ஓர் அச்சு. அதன் இரு நுனிகளிலும் எதிரெதிர்த் திசைகளை நோக்கிப் பூட்டிய இரு தண்டுகள். தண்டுகளின் கடையில் மிதிகள். வலத்தண்டோடு சேர்ந்த பற்சக்கரம். அதிலிருந்து பின்சில்லுக்கு ஓடும் சங்கிலி. காலின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றுவது இதன் தொழில். நம் வீடுகளிலே திரிகைக் கல்லின் ஓரத்தில் நாட்டிய கைப்பிடியும் இதே தத்துவத்தைக் கொண்டதுதான். மையத்திலிருந்து விலகி நிற்கும் பிடியைத் தள்ளினால் கல் சுழலும். பிடி எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவுக்குத் தள்ளுவது எளிதாகும், கை செல்லவேண்டிய தூரமும் அவ்வளவுக்குக் கூடும்.

1860களிற் பாரிஸ் நகரில் பியேர் மிஷோவின் பட்டறை செய்து விற்ற வண்டிகளில் மிதிகள் முன்சில்லின் அச்சிலேயே பூட்டப்பட்டிருந்தன. ஒரு சுற்று மிதித்தால் சில்லும் ஒரு சுற்றே சுழலும். ஆதலால் வேகம் வேண்டியோர் முன்சில்லைப் பெருப்பித்துக்கொண்டே சென்றனர். ஈற்றில் ஓட்டுநர் ஆளுயரச் சில்லின்மேல் அமரவேண்டியதாயிற்று. அவ்வண்டியிலிருந்து தலைகுப்புற வீழ்வது வழக்கமான விபத்தாக இருந்தது. 1885 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி ‘ரோவர்’ என்ற வண்டியை வெளியிட்டார். அதிலே சங்கிலி பின்சில்லைச் சுழற்றியது. மிதிதண்டு முன்சில்லை விட்டு நீங்கி, சட்டத்தின் நடுவிலே தனக்கென ஓர் அச்சைப் பெற்றது. அன்று பெற்ற இடத்திலேயே இன்றும் அது இருக்கிறது.

இந்த அமைப்பில் எளிதிற் கண்ணுக்குப் புலப்படாத ஒரு வேறுபாடு உண்டு. வலக்காலின் விசை வலத்தண்டிலிருந்து நேரே பற்சக்கரத்துக்குச் செல்கிறது. இடக்காலின் விசை இடத்தண்டிலிருந்து அச்சுக்குச் சென்று, அச்சை முறுக்கி, அதன் முழு நீளத்தையுங் கடந்து, வலப்பக்கப் பொருத்தையுந் தாண்டியே பற்சக்கரத்தை அடைகிறது. ஆகவே, இரண்டு கால்களும் சமமாக உழைத்தாலும், அச்சு முறுக்குண்பது இடக்காலால் மாத்திரமே. மேலும், கால் அழுத்துமிடம் தண்டின் தளத்துக்கு வெளியே இருப்பதால் தண்டு வளைவதோடு திருகவும் செய்கிறது.

அந்த விசை எவ்வளவு? எழுபது கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் 172.5 மில்லிமீற்றர் நீளமான தண்டு கிடையாக இருக்கும்போது தம் முழு நிறையையும் ஒரு மிதியில் ஏற்றினால், அச்சில் ஏறத்தாழ 120 நியூற்றன்-மீற்றர் முறுக்கம் உண்டாகும். முடிவுக்கோட்டை நோக்கி எழுந்துநின்று பாய்பவரோ கைகளாற் கைப்பிடியை மேல்நோக்கி இழுத்துக்கொண்டு மிதிக்கிறார்; அதனால் மிதிமேல் விழும் விசை அவருடைய நிறையிலும் மிகும். இனி எண்ணிக்கையைப் பார்க்கலாம். நிமிடத்துக்குத் தொண்ணூறு சுற்று எனக் கொண்டால் மணிக்கு 5,400 சுற்று. தூர் த பிரான்ஸ் பந்தயத்தின் இருபத்தொரு நாள் ஓட்டமும் ஏறத்தாழ எண்பது மணி நேரத்துக்கு மேற்படும். இறக்கங்களில் மிதியாது உருளும் நேரத்தைக் கழித்தாலும், ஒரு பந்தயத்தில் ஒரு தண்டு மூன்று இலட்சம் தடவைக்குக் குறையாமல் வளைந்து நிமிர்கிறது.

பழைய வண்டிகளின் தண்டுகள் உருக்கினால் ஆனவை. உருளையான அச்சிலே ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். தண்டில் உள்ள துளைவழியே ஒரு முகம் தட்டையான உருக்கு ஆப்பைச் செலுத்தி, அந்த முகம் அச்சின் தட்டையோடு நெருங்கும்படி இறுக்குவர். இதுவே கொட்டர்பின். இதன் குறை யாதெனின், இடக்காலின் விசை முழுவதையும் ஒரு சிறு தட்டை முகமே தாங்குவதாகும். காலப்போக்கில் ஆப்பின் முகம் நசியும். நசிந்த அளவுக்கு இடைவெளி பிறக்கும். இடைவெளி பிறந்தால் அழுத்தம் மோதலாக மாறும். முதலிற் சொன்ன ஒலி அந்த மோதலே. உருக்காவது இதை ஒருவாறு தாங்கும். உருக்கிலும் மூன்றிலொரு பங்கு அடர்த்தியே உடைய அலுமினியம் தாங்காது. தண்டை இலேசாக்க விரும்பியோருக்குக் குறுக்கே நின்றது உலோகமன்று, இந்த ஆப்பே.

1933 ஆம் ஆண்டில் பிரான்சின் சாந்தெத்தியென் நகரத்துக் கம்பனியாகிய ஸ்ட்ரோங்லைற் இதற்கு விடை கண்டது. அச்சின் நுனிகளை நாற்சதுரமாக்கி, ஒவ்வொரு முகமும் இரண்டு பாகை அளவு சரிந்து கூம்பும்படி செய்தனர். அலுமினியத் தண்டிலே அதற்கேற்ற சதுரத் துளை. தண்டை நுனியில் மாட்டி, அச்சுக்குள் ஓர் ஆணியை முடுக்கினால், தண்டு கூம்பின்மேல் ஏறி இறுகும். கோடரிக் காம்பை ஆப்பு இறுக்குவது போன்ற அதே தந்திரந்தான். இங்கே அச்சே ஆப்பாகிவிட்டது. விசை ஒரு முகத்தில் விழாது நான்கு முகங்களிலும் பகிரப்பட்டது. மெல்லிய உலோகத்துக்கு இடங்கிடைத்தது இவ்வாறே. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. ஆணி தளர்ந்திருப்பதை அறியாமல் ஒருவர் சில மைல் ஓட்டிவிட்டால், உருக்கு அச்சு அலுமினியத் துளையின் மூலைகளைத் தின்றுவிடும். அதன்பின் எவ்வளவு முடுக்கினாலும் பயனில்லை, தண்டை எறியவேண்டியதுதான்.

நல்லதொரு புதுமை உடனே எங்கும் பரவிவிடும் என்று எண்ணுவது தவறு. இத்தாலியப் பந்தய வீரர் பலர் 1950களிலும் உருக்குத் தண்டையும் கொட்டர்பின்னையுமே நம்பினர். உடைந்துபோகாது என அவர்கள் அறிந்திருந்த பொருளை விட்டுவிட மனமில்லை. தூர் த பிரான்ஸின் அமைப்பாளர் ஆன்றி தெகிராஞ்சும் இத்தகைய மனப்பாங்கினரே. 1903 இல் பந்தயத்தைத் தொடக்கிய அவர், ஓடும்போதே சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவியை 1937 வரை வீரர்களுக்கு அனுமதிக்கவில்லை. மலையடிவாரத்தில் இறங்கி, பின்சில்லைக் கழற்றித் திருப்பிப் பூட்டிக்கொண்டே அவர்கள் ஏறினர்.

பற்களை மாற்றும் வழக்கம் வந்ததும் மிதிதண்டின் கடமையும் பெருகியது. ஒரு பற்சக்கரம் போதாது, பெரிதொன்றும் சிறிதொன்றும் வேண்டும். அவற்றைக் கழற்றி வேறு பல்லெண்ணுள்ளவற்றை மாட்டவும் வேண்டும். வலத்தண்டின் அடியிலிருந்து விரல்கள்போல ஐந்து கைகள் விரிந்து, அவற்றின் நுனியிற் சக்கரங்களை ஆணிகளாற் பூட்டும் அமைப்பு பந்தய வண்டிகளில் நிலைபெற்றது. இத்தாலியின் விசென்சா நகரத்தவரான துல்லியோ கம்பன்யோலோ 1958 இல் வெளியிட்ட ‘ரெக்கோர்ட்’ மிதிதண்டே இவ்வகையிற் புகழ்பெற்றது. அடித்து உருவாக்கிய அலுமினியம், சதுரக் கூம்பு அச்சு, ஐந்து கைகள் ஆகிய மூன்றும் அதில் இருந்தன. பின்னர் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் பந்தய வண்டி என்றால் அத்தண்டே பலரின் நினைவுக்கு வந்தது.

ஆணிகள் அமைந்த வட்டத்தின் விட்டம் முதலில் 151 மில்லிமீற்றராக இருந்தது. அந்த வட்டத்துக்கு வெளியே பற்கள் அமையவேண்டும் ஆதலால் 44 பற்களுக்குக் குறைந்த சக்கரத்தை அதிற் பூட்ட இயலாது. 1960களின் பிற்பகுதியில் விட்டத்தை 144 மில்லிமீற்றராகக் குறைத்தனர். 41 பற்கள்வரை இறங்க முடிந்தது. பின்வந்தவர்கள் 130 ஆக்கி 38 வரையும், 110 ஆக்கி 34 வரையும் இறங்கினர். மலையேற்றத்தில் ஒருவர் எவ்வளவு இலகுவாக மிதிக்கலாம் என்பதை நிர்ணயித்தது இந்த ஆணி வட்டமே. அந்நாளைய வீரர்கள் செங்குத்தான மலைகளில் உடலை இடவலமாக வீசி, நிமிடத்துக்கு ஐம்பது சுற்றுக்கூட எட்டாமல் ஏறியதைப் பழைய படச்சுருள்களிற் காணும் இளைஞர் வியக்கின்றனர். அது வீரத்தின் அடையாளமாக மாத்திரம் இருக்கவில்லை. சிறிய சக்கரம் பூட்ட இடமில்லாமையும் ஒரு காரணம்.

அலுமினியத்துக்கு வேறொரு குணமும் உண்டு. உருக்கில் ஓர் எல்லைக்குட்பட்ட விசையை எத்தனை கோடி தடவை ஏற்றினாலும் அது வெடிக்காது. அலுமினியத்துக்கு அத்தகைய எல்லை இல்லை. சிறிய விசையாயினும் திரும்பத் திரும்ப ஏற்றினால் ஒருநாள் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றும். இதனையே உலோகக் களைப்பு என்பர். வெடிப்புத் தோன்றுமிடம் பெரும்பாலும் கூரிய இடுக்காக இருக்கும். ஐந்து கைகளுள் ஒன்று தண்டோடு கூடும் மூலையும், மிதி பூட்டப்படும் துளையின் விளிம்பும் இவ்வகையில் ஆபத்தான இடங்கள். அனுபவமுள்ள திருத்துநர்கள் அந்த மூலையை அரத்தால் உருட்டி மென்மையாக்கி வைப்பர். வண்டியைக் கழுவும்போது அழுக்கைத் துடைத்துவிட்டுக் கண்ணை அருகிற் கொண்டுசென்று பார்ப்பதும் அதற்காகவே. அவ்வாறு பாராதவருக்குத் தண்டு எவ்வித முன்னறிவித்தலுமின்றி ஒருநாள் இரண்டாகும். அந்நேரம் முழு நிறையும் அதன்மேல் இருக்குமாதலால், ஓட்டுநர் நேரே தரையில் வீழ்வார்.

இருந்தும் இலேசாக்கும் ஆசை விடவில்லை. 1972 ஒக்டோபர் 25 இல் மெக்சிக்கோ நகரில் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீற்றர் ஓடிச் சாதனை படைத்தார். ஏர்னெஸ்ரோ கொல்னாகோ அதற்கென அமைத்த வண்டி ஆறு கிலோகிராமுக்குக் குறைவானது. சங்கிலியின் இணைப்புகளிற்கூடத் துளையிடப்பட்டிருந்தது. முன்னே 52 பற்கள், பின்னே 14. இக்கணக்கின்படி அவர் அந்த ஒரு மணி நேரத்தில் 6,200 தடவைக்குமேல் மிதிதண்டைச் சுழற்றியிருக்கவேண்டும். அக்காலத்தில் உலகெங்கும் துளையிடும் மோகம் பரவியது. பற்சக்கரங்களிலும் தண்டுகளிலும் துளையும் பள்ளமும் இட்டு, குறைந்த சில கிராம்களை எண்ணி மகிழ்ந்தனர். ஒவ்வொரு துளையும் வெடிப்பு பிறப்பதற்கு ஒரு புதிய விளிம்பு என்பதை அவர்களிற் சிலர் பின்னரே அறிந்தனர்.

மிதி பூட்டப்படும் துளையைப் பற்றி இங்கே ஒரு செய்தி சொல்லலாம். வலமிதியின் மரை வழக்கமான மரை. இடமிதியின் மரை எதிர்மரை. புதிதாக மிதி மாற்ற முனைவோர் இடமிதியைத் தவறான பக்கம் திருகி மரையைக் கெடுத்துவிடுவது இன்றும் நடப்பதே. எதிர்மரை ஏன்? மிதியின் குண்டுகள் உராய்ந்து மிதியச்சைத் திருப்பும் என்று மாத்திரம் கருதினால், வழக்கத்துக்கு நேர்மாறாக வலப்பக்கத்திலேயே எதிர்மரை வெட்டவேண்டும் என்று தோன்றும். உண்மையில் அதனினும் வலிய காரணமொன்று தொழிற்படுகிறது. காலின் அழுத்தம் எப்பொழுதும் கீழ்நோக்கியது. தண்டு சுழல்வதால், தண்டிலிருந்து பார்க்கும்போது அந்த அழுத்தம் மிதியச்சைச் சுற்றிச் சுழல்வதாகும். மிதியச்சு தன் துளைக்குள்ளே மிக நுண்ணிய அளவில் உருண்டு, எதிர்த்திசையில் மெல்லத் திரும்புகிறது. ஒரு பென்சிலைத் தளர்ந்த கைப்பிடிக்குள் வைத்து அதன் நுனியை வட்டமாகச் சுற்றிப் பார்ப்போர் பென்சில் எதிர்ப்பக்கம் திரும்புவதைக் காணலாம். அமெரிக்காவின் டேற்றன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த இரு சகோதரர்கள் 1900 ஆம் ஆண்டில் தங்கள் வண்டிகளின் இடமிதிக்கு எதிர்மரை வெட்டியதை விளம்பரப்படுத்தினர். மூன்று ஆண்டுகளின் பின் ஆகாய விமானத்திற் பறந்த வில்பர் றைற், ஓவில் றைற் என்போர் அவர்களே.

சதுரக் கூம்பு அச்சு அறுபது ஆண்டுகளுக்குமேல் அரசோச்சியது. அதன் எல்லையைக் காட்டியது ஒரு கணக்கு. ஓர் அச்சு முறுக்கலை எதிர்க்கும் வன்மை அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கோடு வளர்கிறது. அஃதாவது விட்டத்தை இருமடங்காக்கினால் வன்மை பதினாறு மடங்காகும். பழைய அச்சு ஏறத்தாழ 17 மில்லிமீற்றர் விட்டமுள்ள கெட்டியான உருக்கு. அதன் நான்காம் அடுக்கு 83,500 அளவில் வரும். 24 மில்லிமீற்றர் விட்டமும் 2 மில்லிமீற்றர் சுவரும் உள்ள ஓர் உருக்குக் குழாயை எடுத்துக்கொண்டால், உட்துளையின் பங்கைக் கழித்த பின்னும் 171,700 அளவில் வரும். வன்மை இருமடங்கு, நிறையோ ஐந்தில் மூன்று பங்கு! மூங்கிலை இயற்கை ஏன் உள்ளே வெறுமையாக வைத்தது என்பதற்கும் இதுவே விடை.

கணக்கு எளிது, இடம்தான் இல்லை. அச்சைத் தாங்கிச் சுழலவிடும் குண்டுப் போதிகைகள் சட்டத்தின் குழாய்க்குள்ளே அமைந்திருந்தன. அக்குழாயின் விட்டமோ 35 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அச்சைப் பெருப்பித்தால் குண்டுகளுக்கு இடம் குறையும். யப்பானின் ஷிமானோ கம்பனி 1996 இல் பருத்த குழாய் அச்சொன்றைக் கொணர்ந்தது. வேறு சில கம்பனிகள் ஒன்றுசேர்ந்து மற்றொன்றைக் கொணர்ந்தன. எல்லோரும் குண்டுகளைச் சிறிதாக்கினர். சிறிய குண்டுகளோ விரைவில் தேய்ந்தன. பொருத்தின் நோய் தீர்ந்து போதிகைக்கு நோய் வந்தது. 2003 ஆம் ஆண்டளவில் ஷிமானோ ஒரு துணிவான முடிவுக்கு வந்தது. போதிகைகளைச் சட்டக் குழாய்க்கு வெளியே, இரு பக்கமும் கொண்டுவந்து வைத்தனர். 24 மில்லிமீற்றர்க் குழாய் அச்சு வலத்தண்டோடு பிரிக்க முடியாதபடி ஒன்றாயிற்று. இரண்டாக இருந்த பொருத்துகளில் ஒன்று அடியோடு மறைந்தது. எஞ்சிய இடத்தண்டு, பற்கள் வெட்டிய அச்சு நுனியில் மாட்டப்பட்டு, பக்கவாட்டில் உள்ள இரு ஆணிகளால் நெரித்துப் பிடிக்கப்படுகிறது.

கம்பன்யோலோ கம்பனியார் 2006 இல் வேறு வழி கண்டனர். அச்சை நடுவில் வெட்டி, பாதியை வலத்தண்டோடும் பாதியை இடத்தண்டோடும் சேர்த்துவிட்டனர். இரு பாதிகளும் சட்டத்தின் நடுவிலே, முகத்துக்கு முகம் வெட்டிய பற்களாற் கௌவி, ஒரே ஆணியால் இறுக்கப்படும். இத்தகைய பற்களுக்கு ஜேர்மன் பொறியியலாளர் அல்பேர்ட் ஹிர்த்தின் பெயர் வழங்குகிறது. பொருத்து மறையவில்லை, வெளியே இருந்தது உள்ளே போயிற்று. அமெரிக்காவின் கனண்டேல் கம்பனியோ 2000 ஆம் ஆண்டில் அச்சை 30 மில்லிமீற்றராகப் பெருப்பித்து, உருக்குக்குப் பதிலாக அலுமினியத்தாற் செய்தது. அலுமினியம் உருக்கிலும் மூன்று மடங்கு இளகியது. விட்டம் பெருத்ததால் வந்த இலாபம் ஏறத்தாழ அவ்விளக்கத்தோடு சரியாகி, நிறைக்குறைவு மாத்திரம் மிஞ்சியது. போதிகைகளை மரையின்றிச் சட்டத்துள் அழுத்திவைக்கும் இம்முறையில் முனகல் ஒலி எழுவதாகப் பலர் குறைகூற, பின்னர் சட்டம் செய்வோர் சிலர் மரைக்கே திரும்பினர்.

இத்தனை விறைப்பும் வெற்றிக்கு உதவுகிறதா என்று கேட்பது நியாயமே. தண்டு வளையும்போது அதிற் சேரும் சக்தி முற்றாக அழிவதில்லை. வில்லைப்போல நிமிரும்போது பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. ஆகவே விறைத்த தண்டு ஒருவரை மலையுச்சிக்கு முன்னதாகக் கொண்டுசேர்க்கும் என்ற விளம்பரங்களை அப்படியே நம்பவேண்டியதில்லை. பாய்ந்து மிதிக்கும்போது பற்சக்கரம் பக்கவாட்டில் ஆடிச் சங்கிலி உரசாதிருப்பதும், மிதித்தவுடனே வண்டி பதிலளிக்கிறது என்ற நம்பிக்கை வீரருக்கு உண்டாவதுமே மெய்யான பயன்கள்.

அந்த வளைவையே பயனாக்கிக் கொண்டவர் ஒருவர். ஜேர்மன் பொறியியலாளர் உல்ரிச் ஷோபரர் 1986 இல் வலத்தண்டுக்கும் பற்சக்கரத்துக்கும் இடையே உள்ள கைகளில் விகாரமானிகளை ஒட்டினார். உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு நீளும்போது அவற்றின் மின்தடை மாறும். அம்மாற்றத்திலிருந்து முறுக்கத்தையும், முறுக்கத்தையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வலுவையும் பெறலாம். அதுவரை வீரரின் உழைப்பை மூச்சு வாங்குவதையும் நாடித் துடிப்பையும் கொண்டே ஊகித்தனர். அதன்பின் இத்தனை உவாற்று என்று எண்ணாகவே அறிந்தனர். இன்று முதன்மையான பந்தயங்களில் வலுமானி இல்லாத மிதிதண்டு அரிது.

தண்டின் நீளம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பது நெடுநாளைய விவாதம். நீண்ட தண்டு நெம்புகோல்போலப் பலம் தரும் என்பது பொதுவான எண்ணம். அதில் பாதி உண்மை உண்டு. அதே முறுக்கத்தைப் பெறக் கால் குறைந்த விசையில் அழுத்தினாற் போதும்; ஆனால் பாதம் பெரிய வட்டத்திற் செல்லவேண்டும். பற்சக்கரத்தை மாற்றினாலும் அதே விளைவைப் பெறலாம். 2001 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட பரிசோதனையில், பயிற்சி பெற்ற 16 ஓட்டுநர்கள் 120 மில்லிமீற்றர் முதல் 220 மில்லிமீற்றர் வரையான தண்டுகளை மிதித்தனர். மிகக் குட்டையானதற்கும் மிக நெடியதற்கும் நடுத்தரமானதற்கும் இடையே உச்ச வலுவிற் கண்ட வேறுபாடு ஏறத்தாழ நூற்றுக்கு நான்கே. இரண்டரை மில்லிமீற்றருக்காகப் பணத்தையும் நித்திரையையும் இழந்தவர்களுக்கு இச்செய்தி இனித்திராது.

வலுவில் வேறுபாடு இல்லையாயின் வேறு காரணங்களுக்காக நீளத்தைத் தெரிவு செய்யலாமன்றோ? காற்றைக் கிழித்துச் செல்லும்பொருட்டு முதுகைத் தாழ்த்திக் குனியும் வீரருக்கு, மிதி மேலே வரும்போது தொடை வயிற்றை இடிக்கிறது. தண்டு குட்டையானால் முழங்கால் அவ்வளவு உயரவேண்டியதில்லை. சுலோவேனிய வீரர் ததேய் பொகாச்சார் 172.5 மில்லிமீற்றரை விட்டு 165 மில்லிமீற்றருக்கு மாறி ஓடிய 2024 ஆம் ஆண்டில் இத்தாலியச் சுற்றையும் தூர் த பிரான்ஸையும் உலக வீதிப் பந்தயத்தையும் வென்றார். வெற்றிக்குத் தண்டுதான் காரணம் என்று எவரும் சொல்லமாட்டார். ஆயினும் நெடிய தண்டே பலமானது என்ற பழைய நம்பிக்கை அவ்வாண்டோடு தளர்ந்தது. நீள்வட்டப் பற்சக்கரங்களின் கதை இதற்கு மாறானது. தண்டு மேலும் கீழும் நேராக நிற்கும் கணங்களிற் கால் வலுவிழப்பதைச் சரிசெய்யும் என்று 1983 இல் ஷிமானோவும் பின்னர் பிறரும் அவற்றைச் செய்தனர். 2012 இல் பிரிட்டிஷ் வீரர் பிறாட்லி விக்கின்ஸ் அத்தகைய சக்கரத்தோடே தூர் த பிரான்ஸை வென்றார். எனினும் பெரும்பாலான வீரர் வட்டத்தை விட்டு நீங்கவில்லை.

2000 ஆம் ஆண்டு முதல் பந்தய வண்டி 6.8 கிலோகிராமுக்குக் குறையலாகாது என்பது சர்வதேச சைக்கிள் சங்கத்தின் விதி. ஆயினும் தண்டிற் சேமித்த நிறையை வேறிடத்திற் செலவிடலாம் ஆதலால் இலேசாக்கும் போட்டி ஓயவில்லை. காபன் நாரைப் பிசினிலே தோய்த்து அடுக்கித் தண்டு செய்தனர். அலுமினியத்தை விட விரும்பாதோர் தண்டையே உள்வெறுமையாக்கினர். அச்சைக் குழாயாக்கியதுபோலத் தண்டையும் குழாயாக்கினால் விறைப்புக் குறையாமல் நிறை குறையும். ஆனால் முழுக்க மூடிய வெறுந்தண்டை ஒரே துண்டாக அடித்தெடுப்பது அரிது. ஆகவே ஷிமானோவின் உயர்ந்த வகைத் தண்டுகள் இரு பகுதிகளாகச் செய்யப்பட்டு, வலிய பசையால் ஒட்டப்பட்டன. பழைய பொருத்துகளெல்லாம் நீங்கிய தண்டிலே, அதன் உடல் நெடுகிலும் ஒரு புதிய பொருத்து வந்து புகுந்தது.

2023 செப்டெம்பரில் அந்தக் கம்பனியே அதனை வெளிப்படையாக அறிவித்தது. 2012 யூன் முதல் 2019 யூன் வரை செய்த சில வகைத் தண்டுகளில் ஒட்டிய பகுதிகள் பிரியக்கூடும் என்றும், அவற்றைக் கடைகளிற் கொண்டுசென்று பரிசோதிக்கவேண்டும் என்றும் கூறியது. உலகெங்கும் இவ்வகையில் ஏறத்தாழ 28 இலட்சம் தண்டுகள் இருந்தன. அமெரிக்காவில் மாத்திரம் 680,000. அங்குள்ள நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவித்தல், பகுதிகள் பிரிந்தமை பற்றி 4,519 முறைப்பாடுகளும், எலும்பு முறிவு உட்பட ஆறு பேருக்குக் காயமும் ஏற்பட்டதாகச் சொல்கிறது. 28 இலட்சத்தில் இது சிறு பின்னமே என்று ஒருவர் வாதிடலாம். மலை இறக்கத்தில் தண்டு பிளந்தவருக்கு அந்தப் பின்னத்தால் ஆறுதல் இல்லை.

பரிசோதனை என்பது பெரிய ஆய்வுகூட வேலையன்று. திருத்துநர் தண்டைத் துடைத்து, ஒட்டிய விளிம்பு நெடுகிலும் வெளிச்சம் பிடித்து இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கிறார். வண்டியை ஓட்டுபவர் மிதிக்கும்போது கிறீச்சொலி கேட்டதா என்று விசாரிக்கிறார். குறையில்லாத தண்டானால் மீண்டும் பூட்டத் தொடங்குவார். இடத்தண்டை மாட்டி, போதிகைகளைச் சரிசெய்யும் மூடியை விரல் வலிமையளவுக்கே திருப்பி, பின்னர் முறுக்கமளக்கும் சாவியால் இரு ஆணிகளையும் ஒன்று மாற்றி ஒன்றாக 12 முதல் 14 நியூற்றன்-மீற்றர்வரை முடுக்குகிறார். ஈற்றிற் சங்கிலியைப் பற்சக்கரத்திலிருந்து கழற்றிவிட்டு, தண்டை ஒரு விரலாற் சுண்டிச் சுழலவிட்டு, அது நிற்கும்வரை குனிந்து காது கொடுத்துக் கேட்கிறார்.